ஓவியர் வீடும் ஓவியக் குளமும்



சான்றோர் வாழ்ந்த இல்லங்களைத் தேடிச் சென்று காண்பது தமிழர்க்குப் பழகிய வழக்கம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும், புதுச்சேரியில் பாரதிதாசன் வாழ்ந்த வீட்டையும் காணாத கவிஞர் குறைவு. செல்பவர் அங்கே சில படங்களையும் கையெழுத்துகளையும், ஒரு திண்ணையையும் காண்கின்றனர்; சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுத் திரும்புகின்றனர். கவிஞனின் வீட்டில் கவிதை குடியிருப்பதில்லை. அது நூலில் இருக்கிறது, படித்தவர் நாவில் இருக்கிறது. அவ்வாறாயின், காக்கப்பட்ட ஒரு வீடு எதனைக் காக்கிறது? ஓவியர் ஒருவரின் வீட்டையும் தோட்டத்தையும் முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

பிரான்சு நாட்டில், பாரிசு நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், ஜிவெர்னி என்னும் சிற்றூர் உள்ளது. வெர்னோன் என்னும் ஊரில் புகைவண்டியை விட்டு இறங்கி, சேன் ஆற்றைக் கடந்து, ஐந்து கிலோமீட்டர் அளவில் சென்றால் அவ்வூரை அடையலாம். 1883 ஆம் ஆண்டு ஓவியர் கிளாத் மோனே அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அப்போது அவருக்கு வயது 42. முதல் மனைவி கமீல் 1879 இலேயே இறந்துவிட்டார். இரண்டு ஆண் மக்கள். பின்னர் அவர் மணந்துகொண்ட ஆலிஸ் அம்மையார். அவ்வம்மையாரின் ஆறு மக்கள். பத்துப் பேர் கொண்ட அக்குடும்பத்திற்குப் பணமுடை தீராத காலம் அது. ஓவியங்கள் விலைபோகத் தொடங்கிய பின், 1890 இல் அந்த வீட்டை அவர் விலைக்கு வாங்கினார்.

வீட்டின் முன்புறம் மலர்த்தோட்டம். அதன் எல்லையில் ஒரு சாலையும் ஓர் இருப்புப் பாதையும் குறுக்கே ஓடின. 1893 இல் அப்பாதைக்கு அப்பால் இருந்த நிலத்தை வாங்கி, அருகில் ஓடிய எப்த் ஆற்றின் கால்வாயிலிருந்து நீரைத் திருப்பி ஒரு குளம் வெட்ட முனைந்தார் மோனே. ஊரார் எதிர்த்தனர். அயல்நாட்டுச் செடிகளை நீரில் விட்டால் நீர் நஞ்சாகிவிடும், கீழ்மடையில் மாடுகள் குடிக்க இயலாமற் போகும் என்று அவர்கள் அஞ்சினர். ஏரியும் மடையும் பங்கும் பற்றிய வழக்குகளைக் கேட்டு வளர்ந்த புதுக்கோட்டைச் சீமையாருக்கு இந்த அச்சம் புதிதன்று. நீர் என்றால் முதலில் மாடும் வயலும்; பிறகுதான் மலர். இறுதியில் அரசு இசைவு தந்தது, குளம் உருவாயிற்று. அதன்மேல் சப்பானிய முறையில் வளைந்த மரப்பாலம் ஒன்றையும் அமைத்தார். அவர் வீட்டுச் சுவர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சப்பானிய அச்சோவியங்கள் இருந்தன. அவற்றில் கண்டதைப் போன்ற பாலம் வெளியே நீரின்மேல் எழுந்தது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. மோனே வளர்த்ததைத் தாமரை என்று எழுதுவோர் உளர். அது தாமரை அன்று, ஆம்பல். அல்லி என்றாலும் பொருந்தும். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசைப்படுத்திய கபிலர் பிறந்த மொழியில் இவ்வேறுபாட்டைக் கைவிடலாகாது. தாமரையின் இலையும் மலரும் நீரைவிட்டு எழுந்து தண்டின்மேல் நிற்கும். ஆம்பலோ பெரும்பாலும் நீரின் மேற்பரப்பை ஒட்டியே கிடக்கும். குளிர்நாட்டிலும் தழைக்கக்கூடிய பல வண்ண ஆம்பல்களை லத்தூர்-மார்லியாக் என்னும் வளர்ப்பாளர் உருவாக்கி, 1889 ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் வைத்தார். மோனேயின் குளத்திற்கு ஆம்பல்கள் அவரிடமிருந்து வந்தன. நீரை ஒட்டிக் கிடக்கும் பூ என்பதால்தான் அவர் ஓவியங்களில் பூவுக்கு நடுவே வானமும் முகிலும் கரைமரங்களும் தலைகீழாய்த் தெரிகின்றன.

1897 அளவில் குளத்தை வரையத் தொடங்கியவர், 1926 டிசம்பர் 5 ஆம் நாள் இறக்கும் வரை அதனை விடவில்லை. ஏறத்தாழ 250 ஓவியங்கள் அக்குளம் ஒன்றிலிருந்தே தோன்றின. குளத்தைக் காப்பதற்கென்றே ஒரு தோட்டக்காரர் இருந்தார். இலைகளின்மேல் படியும் தூசியைக் கழுவுவதும், வாடியவற்றைக் களைவதும் அவர் பணி. சாலையில் செல்லும் வண்டிகள் எழுப்பும் புழுதி ஆம்பல் இலைமேல் படிகிறது என்பதற்காக, சாலைக்குத் தார் போடும் செலவை மோனேயே ஏற்றுக்கொண்டார். அவரை ஓவியர் என்பதோடு நிறுத்தாமல், ஒரு குளத்தின் காவலர் என்றும் சொல்லுதல் தகும்.

அக்குளத்தங்கரையில் துயரம் பலமுறை வந்து நின்றது. 1911 இல் ஆலிஸ் இறந்தார். 1912 இல் கண்ணில் புரை என்று மருத்துவர் கூறினர். 1914 இல் மூத்த மகன் ழான் இறந்தார். அதே ஆண்டில் பெரும்போர் மூண்டது. ஊரார் பலர் வெளியேறிய போதும் மோனே வீட்டை விட்டு அகலவில்லை, குளத்தையே வரைந்துகொண்டிருந்தார். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தனார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. இளமையில் தழையுடையாய் இருந்த அதே ஆம்பல், கணவனை இழந்த பின் அல்லியரிசியாய் உணவானதைச் சொல்லி ஒருத்தி இரங்குகிறாள். குளம் மாறவில்லை, பூ மாறவில்லை, நிற்பவரின் வாழ்வு மாறிவிட்டது. ஜிவெர்னியிலும் நிகழ்ந்தது அதுவே. மகிழ்ச்சிக்காக வெட்டிய குளம், இழப்பின் ஆண்டுகளில் அவருக்கு எஞ்சிய பற்றுக்கோடாயிற்று.

போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, தம் நண்பரும் பிரான்சின் தலைமையமைச்சருமான கிளெமான்சோவுக்கு மோனே ஒரு மடல் எழுதினார். ஆம்பல் ஓவியங்களை நாட்டுக்குத் தருவதாக அதில் உரைத்தார். முதலில் இரண்டு என்றிருந்த கொடை பின்னர்ப் பெருகிற்று. 1923 இல் கண் அறுவை செய்துகொண்ட பின்னும் வரைந்தவற்றைத் திருத்திக்கொண்டே இருந்தார். எட்டுப் பெரும் படைப்புகள், இரண்டு மீட்டர் உயரத்தில், பாரிசின் ஒராஞ்செரி மண்டபத்தில், முட்டை வடிவான இரண்டு அறைகளில் பார்வையாளரைச் சூழ்ந்து நிற்குமாறு அமைக்கப்பட்டன. 1927 இல் அம்மண்டபம் திறக்கப்பட்டபோது ஓவியர் உயிரோடு இல்லை.

ஓவியர் மறைந்த பின் குளம் என்னவாயிற்று என்பதே இவ்வுரைக்கு இன்றியமையாத பகுதி.

ஆலிசின் மகளும் மூத்த மகன் ழானின் மனைவியுமான பிளான்ஷ் என்னும் பெண்மணி, தாமும் ஓவியர். மோனேயின் கடைசி ஆண்டுகளில் அவரைப் பேணியவர் இவரே. 1947 இல் தாம் இறக்கும் வரை அந்த வீட்டையும் தோட்டத்தையும் இவர் காத்து நின்றார். அதன்பின் பேணுவார் இல்லை. இளைய மகன் மிஷேல் 1966 இல் விபத்தில் இறந்தபோது, சொத்து முழுதும் பிரெஞ்சு நுண்கலைக் கழகத்துக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. 1977 இல் அக்கழகம் அப்பொறுப்பை ஜெரால் வான் தெர் கெம்ப் என்பவரிடம் ஒப்படைத்தது. வெர்சேல்ஸ் அரண்மனையைச் சீர்ப்படுத்திய பட்டறிவு அவருக்கு இருந்தது. அவர் கண்டது இடிபாடு. தரைப்பலகைகளும் உத்தரங்களும் மக்கியிருந்தன. கண்ணாடிக் கூரை உடைந்த ஓவியக்கூடத்தினுள் மரங்கள் முளைத்திருந்தன. எலியினத்து நீர்வாழ் உயிர்கள் குடைந்ததில் குளக்கரை சரிந்திருந்தது. பாலம் உளுத்துப் போயிருந்தது. அமெரிக்க நன்கொடையாளர் பெருமளவில் பொருள் தந்தனர். குளத்தை மீண்டும் தோண்டினர், கரையைக் கட்டினர், பாலத்தைப் புதிதாய்ச் செய்தனர், செடிகளை மீண்டும் நட்டனர். 1980 இல் இல்லம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இன்று ஏப்ரல் முதல் நவம்பர்த் தொடக்கம் வரை, ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே செல்கின்றனர். இளஞ்சிவப்புச் சுவரும் பச்சைக் கதவுமாய் நீண்ட வீடு. மஞ்சள் வண்ண உணவறை. நீல ஓடுகள் பதித்த அடுக்களை. சாலைக்கு அடியில் அமைந்த சுரங்க வழியே நடந்து குளக்கரையை அடையலாம். ஆனால் மோனே தீட்டிய மூல ஓவியம் ஒன்றுகூட அவ்வீட்டில் இல்லை, படிகளே தொங்குகின்றன. பாலம் அவர் காலத்துப் பாலம் அன்று. பூக்களும் அவர் கண்ட பூக்கள் அல்ல. அவர் கண்ட பூக்கள் அந்தந்த ஆண்டிலேயே வாடிவிட்டன.

அப்படியானால் அது பொய்யா? அன்று. தோட்டம் என்பது ஒருமுறை செய்து முடித்து வைக்கக்கூடிய பொருள் அன்று. மோனே உயிரோடிருந்த காலத்திலும் அக்குளம் நாள்தோறும் கழுவப்பட்டு, களையப்பட்டு, நடப்பட்டே குளமாய் இருந்தது. அப்பணி தொடரும் வரை அது மோனேயின் குளம். பணி நின்ற முப்பதாண்டில் அது வெறும் பள்ளமாயிற்று. ஜிவெர்னியில் காக்கப்பட்டிருப்பது மரமும் கல்லும் அன்று. ஒரு பணியின் தொடர்ச்சி.

இந்த எண்ணத்தோடு புதுக்கோட்டை மண்ணுக்குத் திரும்பலாம். இங்கும் ஒரு குளம் உண்டு. புதுக்கோட்டை நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலுக்குப் போகும் வழியில், சித்தன்னவாசல் குன்றில், அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் கூரையில் இருக்கும் தாமரைக் குளம் அது.

அங்கே ஓவியரின் வீடு எது? தேடினால் கிடைப்பது ஏழடிப்பட்டம் ஒன்றே. குன்றின் மேற்பகுதியில், பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்து ஏறி அடைய வேண்டிய இயற்கைக் குகை அது. அங்கே 17 கற்படுக்கைகள் உள்ளன. சிலவற்றில் தலையணை போன்ற மேடும் உண்டு. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ்பிராமி எழுத்துகள் ஒரு படுக்கையில் வெட்டப்பட்டுள்ளன. வீட்டைத் துறந்தவர்கள் படுத்த இடம் அது. தமிழில் வீடு என்னும் சொல்லுக்கு இல்லம் என்றும் பொருள். விடுதலை என்றும் பொருள். ஒரு வீட்டை விட்டு மற்றொரு வீட்டை நாடியவர்களின் குன்றில், ஓவியருக்கு மட்டும் தனி இல்லம் தேடுவது பொருந்தாது. அவர் பெயரும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. குளம் மட்டும் இருக்கிறது.

ஆனால் அது எத்தகைய குளம்! இங்கே பூத்திருப்பது உண்மையாகவே தாமரை. இலைகள் நீரைவிட்டு எழுந்து, குடை பிடித்தாற்போல் மலர்களுக்குப் பின்னே நிற்கின்றன. மொட்டும், பாதி விரிந்ததும், முழுதும் விரிந்ததுமாய் மலர்கள் நெருங்கியுள்ளன. இடையிடையே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். பூப்பறிக்கும் ஆடவர் மூவர்: ஒருவர் கையில் பூக்கூடை, ஒருவர் தோளில் தாமரைக் கொத்து. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் பேரவையைச் சூழ்ந்த நீர்நிலை இது என்றும், பூக்கொய்வோர் அங்கே வழிபட வந்த நல்லோர் என்றும் அறிஞர் விளக்குவர். சமயப்பொருள் எதுவாயினும், எருமை இறங்கிய குளத்தைக் கண்ணால் கண்டறியாத ஒருவர் இதனைத் தீட்டியிருக்க முடியாது. ஜிவெர்னி ஊரார் தங்கள் மாடுகளுக்காக அஞ்சினர். சித்தன்னவாசல் ஓவியரோ எருமையையும் தீர்த்தங்கரரின் குளத்துக்குள் இறக்கிவிட்டார். பூவுக்கும் மாட்டுக்கும் ஒரே நீர் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

இக்குளத்தைக் காண விரும்புவோர் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஜிவெர்னியில் குனிந்து நோக்கினால் நீருக்குள் வானம் தெரியும். இங்கே வானம் இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது.

பாறையின்மேல் மெல்லிய சுண்ணச் சாந்து பூசி, அதன்மேல் தீட்டியவை இவ்வோவியங்கள். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்குப் பச்சை மண். பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்கள் என்பதால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் நிறம் தங்கியது. சாந்துப் பூச்சு மிக மெல்லியது என்பதால் ஒரு நகக்கீறலுக்கும் அது தாங்காது.

ஓவியரின் பெயர் இல்லை எனினும், அக்கோயிலில் ஒரு பெயர் இருக்கிறது. முகப்பின் தென்புறப் பாறையில் உள்ள கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவரைக் குறிக்கிறது. அவனிபசேகரன் என்னும் சிறப்புப் பெயர் பூண்ட பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், அவர் அக மண்டபத்தைப் புதுப்பித்தார். முக மண்டபத்தை எடுப்பித்தார். கல்லில் நிலைத்த பெயர் முதலில் குடைந்தவர் பெயர் அன்று, புதுப்பித்தவர் பெயர். பழைய பூச்சின்மேல் புதிய பூச்சாக இரண்டு அடுக்கு ஓவியங்கள் அங்கே இருந்ததையும் பிற்கால ஆய்வாளர் கண்டறிந்தனர். ஒருவர் கைவிட்டுச் சென்றதை மற்றொருவர் வந்து தொட்டு எழுப்பியிருக்கிறார்.

தமிழில் புதுக்குதல் என்று ஒரு நல்ல வினைச்சொல் உண்டு. பழுதுபட்டதைச் செம்மை செய்து புதிதாக்குதல் என்பது அதன் பொருள். கோயிலைப் பழுதுபார்ப்பதற்கென விட்ட நிலத்துக்குப் புதுக்குப்புறம் என்றே பெயர். கட்டுவதற்கு மட்டுமன்றிக் காப்பதற்கும் நிலம் ஒதுக்கிய சமுதாயம் இது. படைத்தவருக்குத் தரும் பெருமையைப் புதுக்கியவருக்கும் தர வேண்டும் என்று அறிந்திருந்தமையால்தான் இளங்கௌதமன் பெயர் பாறையில் ஏறியது. பிளான்ஷ் அம்மையாரும் வான் தெர் கெம்பும் அந்த வரிசையில் வந்தவர்களே.

இடைக்காலத்தில் சித்தன்னவாசல் குளமும் மறக்கப்பட்டது. இளங்கௌதமன் எடுத்த முக மண்டபம் விழுந்துவிட்டது. எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916 இல் வெளியிட்ட புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாற்றில் இவ்வோவியங்களைக் குறித்தார். அதன்பின் 1920 ஐ ஒட்டிய ஆண்டுகளில் து. அ. கோபிநாதராவும், புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராயும் இவற்றை வெளியுலகம் அறியச் செய்தனர். அதே ஆண்டுகளில்தான் ஜிவெர்னியில் முதிய மோனே புரை விழுந்த கண்ணோடு தம் குளத்தை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பிரெஞ்சு முதியவர் தம் குளத்தின்மேல் குனிந்திருந்த காலத்தில், மற்றொரு பிரெஞ்சுக்காரர் தமிழ்நாட்டுக் குளமொன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் செயலை மற்றவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பின்னர் 1930களிலும் 1940களிலும் ஓவியங்களைத் துப்புரவு செய்து காக்கும் பணி நடந்தது. சமஸ்தான ஆட்சிக் காலத்தில், குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்த தூண்களைக் கொண்டு முன்புறத்தில் ஒரு மண்டபமும் எழுந்தது. அதுவும் ஒரு புதுக்குதலே.

எனினும் வேதனையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கண்டறியப்பட்ட பின்னரே இவ்வோவியங்கள் மிகுதியும் அழிந்தன. காவல் இல்லாத ஆண்டுகளில் வந்தவர்கள் கைக்கு எட்டிய இடங்களில் கீறினர். தங்கள் பெயர்களை எழுதினர். தூண்களில் தீட்டிய ஆடல் மகளிர் உருவங்களும், அரசன் அரசி உருவங்களும் இன்று தேடிக் காண வேண்டிய நிலையில் உள்ளன. குளத்தில் பல இடங்களில் சாந்து உதிர்ந்து பாறை தெரிகிறது. ஓவியர் தம் பெயரை எழுதவில்லை. அவர் குளத்தைக் காண வந்தவர் எழுதிவிட்டார். ஆயிரம் ஆண்டு வாய்மூடி இருந்த ஒருவரின் முன்னே இதனைவிட நாணத்தக்க செயல் வேறில்லை.

ஜிவெர்னிக்கும் சித்தன்னவாசலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முழுமையாக விளங்கும். தோட்டம் பாழானால் மீண்டும் நடலாம். மோனேயின் குளம் அவ்வாறே மீண்டது. உதிர்ந்த ஓவியத்தை மீண்டும் நட முடியாது. இன்று ஒருவர் ஏணி வைத்து ஏறி, உதிர்ந்த தாமரைக்கு மாற்றாய் ஒரு தாமரையைத் தீட்டுவாராயின், அது புதுக்குதல் ஆகாது, அழித்தல் ஆகும். இளங்கௌதமனுக்குக் கிடைத்த உரிமை இன்றைய தலைமுறைக்கு இல்லை. அவர் கையால் தொட்டுப் புதுக்கினார். இனி வருவோர் தொடாமல் புதுக்க வேண்டும்.

தொடாமல் புதுக்குவது எவ்வாறு? தொல்லியல் துறையின் காவல் ஒரு பகுதி. மறுபகுதி பார்வையாளரிடம் இருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியர் மாணவரை அங்கே அழைத்துச் சென்று, தாமரைக்கும் ஆம்பலுக்கும் வேற்றுமை காட்டி, மூன்று மனிதரையும் எருமையையும் எண்ணச் சொன்னால், அன்று அக்குளம் சற்றே புதுக்கப்படுகிறது. ஊர்க் குளத்தில் தாமரை பூக்க இடம் இருந்தால், கூரையில் இருப்பது இன்னதென்று குழந்தைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கீழே குளங்கள் தூர்ந்துவிட்டால் மேலே இருக்கும் குளம் வெறும் அலங்காரமாகிவிடும். ஏரியும் ஊருணியும் நிறைந்த இம்மாவட்டத்தில் ஒரு குளத்தைத் தூர்வாருவதும் அந்த ஓவியத்தைக் காப்பதன் ஒரு பகுதியே.

கவிஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மொழியும் ஒரு குளம் போன்றதே. ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை என்று வேறுபடுத்தி அழைத்த நா, அனைத்தையும் வெறும் பூ என்று அழைக்கத் தொடங்கும் நாளில், சாந்து உதிர்வதுபோல் ஓர் உதிர்வு நிகழ்கிறது. அதனைத் தடுப்பவர் கவிஞர். புதிதாக ஒன்றைப் படைப்பவர் என்றே கவிஞரைப் போற்றுவது வழக்கம். பழையதொரு சொல்லை எடுத்துத் தூசி கழுவி மீண்டும் நீரில் விடுபவரையும் அவ்வாறே போற்ற வேண்டும். ஜிவெர்னித் தோட்டக்காரரின் பெயரைப் பார்வையாளர் கேட்பதில்லை. ஆயினும் அவர் ஒருநாள் கழுவாமல் விட்டால் மோனேயின் வானம் ஆம்பல் இலைகளுக்கிடையே தெளிவாய்த் தெரியாது.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவதும் இத்தகைய செயலே. முதல் கூட்டத்தைக் கூட்டியவர் பெயர் மலரில் இடம்பெறும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னே வந்து பாய் விரித்து, விளக்கேற்றி, பின்னே தங்கிக் கதவைச் சாத்தியவரின் கைகளே அவ்வட்டத்தைப் பத்தாண்டு புதுக்கின.

அடுத்த முறை சித்தன்னவாசலுக்குச் செல்வோர் அக மண்டபத்தில் சிறிது நேரம் தலைநிமிர்ந்து நிற்கட்டும். கண் இருளுக்குப் பழகியதும் முதலில் இலை தெரியும், பிறகு மலர், பிறகு பூக்கொய்பவர் கை. அந்தக் கை இன்னும் தாமரையைப் பற்றியிருக்கிறது. அதனைப் பார்த்து முடித்துத் தம் கையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு இறங்கி வருபவரும் அக்குளத்தைப் புதுக்கியவர் வரிசையில் சேர்வர்.